தீர்த்தம் சேர்த்தியில்லை

பேசியே பிழைக்கிறவள் நான். தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் இரண்டாவது மாடியில், பட்டு செக்‌ஷனில், இருபத்திரண்டு வருடமாகப் புடவை எடுத்துப் போடுகிறேன். இந்தக் கரை உங்கள் நிறத்துக்கு எடுக்கும், இந்த ஜரிகை கறுக்காது, இதே புடவையை நேற்று ஒரு டாக்டரம்மா நாலு வாங்கிக்கொண்டு போனார்கள் என்று காலையில் ஆரம்பித்தால் கடை சாத்தும்வரை வாய் ஓயாது. வீட்டில் ‘இன்னா’ என்கிற வாய்தான், கடைப் படி ஏறியதும் ‘சொல்லுங்க மேடம்’ என்று மாறிவிடும். அந்த வாய் ஒரு நாள் காய்ந்துபோனது.

ஒரு நாள் என்பது ஒரு பேச்சுக்கு. நாலைந்து வருடமாகவே காய்ந்துகொண்டுதான் இருந்தது, நான்தான் ஏதேதோ காரணம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கண்ணில் மண்ணைப் போட்ட மாதிரி உறுத்தினால் கடை ஏசி. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டால் வெயில். கடைவாய்ப் பல் இரண்டு பொடிப்பொடியாக உதிர்ந்தபோது கால்சியம் போதவில்லை என்றார் பல் டாக்டர். சுகர் பார்த்தார்கள், தைராய்டு பார்த்தார்கள். தூரம் நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும் என்று ஒருவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொல்லி அனுப்பினார். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. கடைசியில் அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மாதான் கீழுதட்டின் உள்பக்கம் அரிசியளவு சதையைக் கிள்ளி எடுத்துச் சோதித்துக் கண்டுபிடித்தார். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி புத்தி கெட்டுப்போய், எச்சில் சுரப்பியையும் கண்ணீர் சுரப்பியையும் எதிரி என்று நினைத்து அடித்துக்கொண்டிருக்கிறதாம். ஊரில் எத்தனையோ கிருமி சுற்றும்போது என் எச்சில்தானா இதற்கு எதிரி என்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

என் வீட்டுக்காரர் பெருங்குடியில் ஓர் ஆபீஸ் கட்டடத்தில் எலக்ட்ரீஷியன். விஷயத்தைச் சொன்னதும், இனிமேல் வீட்டில் சத்தம் குறையும் என்று முதலில் கிண்டல் பண்ணினார். அப்புறம் நான் சோற்றை ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் விட்டு இறக்குவதைப் பார்த்துவிட்டு கிண்டலை நிறுத்திக்கொண்டார்.

கடையில் சொல்லவில்லை. பட்டு இருக்கிற இடத்தில் தண்ணீர் பாட்டில் கூடாது என்பது எங்கள் கடைச் சட்டம். நான் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு பாட்டிலை ஒளித்து வைத்து, புடவை எடுக்கிற சாக்கில் குனிந்து குனிந்து இரண்டு மடக்கு குடிப்பேன். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் அதற்கும் வழியில்லை. ஒரு கல்யாணப் பெண்ணுக்கு முந்தானையை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போது, பாதிப் பேச்சில் நாக்கு ஒட்டிக்கொண்டது. வாய் திறக்கிறது, வார்த்தை வரவில்லை. எனக்கு ஏதோ வலிப்பு என்று நினைத்து அந்தக் குடும்பமே எழுந்து நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் எங்கள் மாடி சூப்பர்வைசர் கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், கெட்டவர் இல்லை. பேச முடியவில்லை என்றால் கீழே பேஸ்மென்ட்டில் பேக்கிங்குக்குப் போய்விடுங்கள் அக்கா, உட்கார்ந்தே வேலை என்றார். சித்திரைக் கல்யாணங்கள் ஆரம்பிக்கிறதற்குள் ஒரு முடிவு சொல்லச் சொன்னார். அவர் நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். பேக்கிங் அறையில் டேப் கிழிக்கிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கிடையாது. அங்கே என்னை உட்கார வைத்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் டாக்டரம்மா ஊசியைப் பற்றிச் சொன்னார். எதிர்ப்புச் சக்தியை அடக்கி வழிக்குக் கொண்டுவருகிற புது மருந்து. இன்னும் சோதனையில்தான் இருக்கிறது. மாதம் ஒன்று என்று ஆறு ஊசி, வயிற்றில். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்து மாதிரியே இருக்கிற வெறும் தண்ணீர். யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிப் போடும், எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. கடைசி ஊசி போட்டு ஒரு மாதம் கழித்துப் பார்க்கும்போது எச்சில் ஓர் அளவுக்குமேல் கூடியிருந்தால் இன்னும் ஒரு வருடத்துக்கு நிஜ மருந்தையே போடுவார்கள். கூடாவிட்டால் அத்தோடு சரி. இன்னா, எலிக்குப் பதிலா உன்ன வச்சுப் பாக்கப் போறாங்களா என்றார் வீட்டுக்காரர். எலிக்குப் புடவை விற்கத் தெரியாது என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

புரட்டாசி முதல் வாரத்தில் முதல் ஊசி. அதற்கு முன்னால் எச்சிலை அளந்தார்கள். அளந்தது ஒரு சின்னப் பெண். இந்தச் சோதனையில் வருகிறவர்களைப் பார்த்துக்கொள்வதும், கேள்வி கேட்டு எழுதுவதும் அவள் வேலை. ராயப்பேட்டைக்காரி, தலையில் எப்போதும் வெளிர் நிறத்தில் ஒரு துணி சுற்றியிருப்பாள், எல்லாரையும் அக்கா, அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தைத் தராசில் வைத்து எடை பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தாள். பதினைந்து நிமிடம் தலை குனிந்து உட்கார வேண்டும். விழுங்கக் கூடாது, பேசக் கூடாது. வாயில் ஊறுவதை நிமிடத்துக்கு ஒரு தரம் கிண்ணத்தில் துப்ப வேண்டும். ஊறாததைத் துப்புவது எப்படி என்று அவள் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் விழித்துக்கொண்டு பதினைந்து நிமிடம் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. முடிந்ததும் கிண்ணத்தின் அடியில் ஒரு பொட்டு அளவுக்கு நுரை. தராசு புள்ளிக்கு முன்னாலும் பூஜ்யம் காட்டியது, பின்னாலும் பூஜ்யம் காட்டியது, அதற்கப்புறம்தான் ஏதோ ஓர் எண். எனக்கு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அவ்வளவு அக்கறையாகக் கேட்டவளுக்கு வெறும் கிண்ணத்தையா கொடுப்பது?

இதற்கு ஒரு விதி இருந்தது. முதல் தடவை பயத்தில் காலையிலிருந்தே நான் எதையும் தொடவில்லை. அளப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பிருந்து சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது, பல் தேய்க்கக் கூடாது, சூயிங் கம் கூடாது. தாளைப் பார்த்து அந்தப் பெண் ஒவ்வொன்றாகக் கேட்பாள், நான் இல்லை, இல்லை என்பேன்.

அந்த முதல் மாதம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மருந்தா, தண்ணியா? பஸ்ஸில் இதே யோசனை, பில் போடும்போது இதே யோசனை. நிமிடத்துக்கு ஒரு தரம் நாக்கால் கன்னத்தைத் தடவிப் பார்ப்பேன். தினமும் காலையில் ஒரு மேரி பிஸ்கட்டைத் தண்ணீர் இல்லாமல் தின்று பார்ப்பேன். தொண்டையில் அடைத்துக்கொண்டால் அன்றைக்கு முழுக்க யாரைப் பார்த்தாலும் எரிச்சல் வரும். இன்னா, காத்தாலயே பரீட்சையா என்று வீட்டுக்காரர் கேட்டால் அவர்மேல் பாய்வேன். பரீட்சைதான். எழுதுவது என் வாய், திருத்துவதும் நான், மார்க் மட்டும் என்னவென்று தெரியவில்லை.

புரட்டாசி சனிக்கிழமை ஒன்றில் எங்கள் மயிலாப்பூர் சந்துக்குப் பக்கத்திலிருக்கிற பெருமாள் கோயிலுக்குப் போனேன். பெரிய பக்தி என்று சொல்ல மாட்டேன், வழியில் இருக்கிற கோயில். ஆனால் அன்றைக்குக் கூட்டத்தில் இடிபட்டு நிற்கும்போது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வியாபாரி புத்தி, வேண்டுதலும் பேரம் மாதிரிதான் வந்தது. அந்த ஊசியில் இருப்பது மருந்தாக இருக்கட்டும், ஒவ்வொரு ஊசி நாளும் உன்னைப் பார்த்துவிட்டுத்தான் அடையாறு பஸ் ஏறுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சொன்னபடியே செய்தேன். ஐப்பசியில் இரண்டாவது ஊசி நாள், காலையில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டு, மந்தைவெளி, ராஜா அண்ணாமலைபுரம் வழியாக அடையாறு போனேன். வழக்கமான கேள்விகள், வழக்கமான இல்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், வாயில் நிஜமாகவே ஊறியது. துப்பினால் விழுந்தது. அந்தப் பெண் தராசில் வைத்தபோது எண் எனக்குத் தெரியக்கூடாது என்று கொஞ்சம் மறைத்துக்கொண்டாள்தான். ஆனால் இருபத்திரண்டு வருடமாக, வாங்கப்போகிறவள் யார், சும்மா பார்க்கிறவள் யார் என்று முகத்தைப் பார்த்தே சொல்கிறவள் நான். அவள் புருவம் ஏறியது எனக்குப் போதும்.

கார்த்திகையிலும் கூடியது. மார்கழியிலும் அப்படியே. மார்கழி காலையில் கோயிலில் சுடச்சுடப் பொங்கல் கொடுத்தார்கள். நெய் வாசனை மூக்கைத் துளைத்தது. நான் தொடவில்லை. சாப்பிடக் கூடாது என்றால் கூடாது, விதி விதிதான் என்று தொன்னையை அப்படியே பையில் வைத்துக்கொண்டேன். அந்தக் கட்டுப்பாட்டை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

கடையிலும் பேச்சு திரும்பிவிட்டது. தீபாவளிக் கூட்டத்தில் ஒரு நாள் முழுக்க மூன்று தடவைதான் பெட்டிக்குப் பின்னால் குனிந்தேன். சூப்பர்வைசர் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். எனக்குப் போட்டது மருந்துதான் என்று முடிவே கட்டிவிட்டேன். ஆனாலும் நிம்மதி என்று ஒன்று வரவில்லை. ராத்திரி படுத்தால் தொண்டை வறண்டு விழிப்பு வரும், காலையில் பிஸ்கட் அடைக்கும். ஊசி நாளில் மட்டும் இவ்வளவு ஊறுகிறதே, மற்ற நாளில் ஏன் இல்லை? டாக்டரம்மா ராசி என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டேன்.

மாசியில் ஆறாவது ஊசி. அதுதான் கடைசி. வெயில் ஆரம்பித்துவிட்டது. எச்சில் அளந்து, கண் இமைக்குள் காகிதத் துண்டை மாட்டிக் கண்ணீரை அளந்து, ஊசியும் போட்டாயிற்று. ஊசிக்குப் பிறகு ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். நான் பையிலிருந்து பாட்டிலை எடுத்து மடக் மடக்கென்று குடித்தேன். பாதி குடித்தபிறகுதான் எதிரே இருக்கிற அந்தப் பெண்ணின் உதடு வெடித்திருப்பதைக் கவனித்தேன். ரம்ஜான் நோன்புக் காலம். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

நான் பாட்டுக்குக் குடிக்கிறேனேம்மா என்றேன். பரவாயில்லை அக்கா என்று சிரித்தாள். இந்த வெயிலில் ஒரு வாய் தண்ணீர்கூடவா கூடாது என்று கேட்டேன்.

“ஒரு வாயா? தெரிஞ்சு ஒரு சொட்டு உள்ள போனாலும் நோன்பு முறிஞ்சுடும்க்கா. காலைல வாய் கொப்பளிக்கறதே பயந்து பயந்துதான்.”

அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று நான் பெருமையடித்தேன்.

“எங்களுக்கு அவ்ளோ கஷ்டம் கிடையாதும்மா. பட்டினி கிடந்து விரதம் இருந்தாலும் தீர்த்தம் சேர்த்தியில்ல. இன்னிக்குக் கூட பெருமாள் கோயில்ல மூணு வாட்டி தீர்த்தம் வாங்கிக் குடிச்சிட்டு, துளசிய கன்னத்துல அடக்கினுதான் பஸ் ஏறினேன்.”

அவள் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. இன்றைக்கு மட்டுமா என்று கேட்டாள். மாசா மாசம் என்றேன். துளசியை எப்போது விழுங்கினீர்கள் என்று கேட்டாள். இங்கே படி ஏறும்போது என்றேன். சொல்லி முடிக்கும்போதே எனக்கும் புரிந்துவிட்டது. பச்சைக் கற்பூரம், ஏலக்காய் போட்ட தீர்த்தம். மயிலாப்பூரிலிருந்து அடையாறுவரை கன்னத்தில் ஊறுகிற துளசி. பொங்கலைத் தொடாத புண்ணியவதி நான், அதைக் குடித்ததாகவோ தின்றதாகவோ ஒரு நாளும் நினைத்ததில்லை. முதல் தடவை மட்டும்தான் நான் கோயிலுக்குப் போகாமல் வந்தது. அந்தத் தடவை மட்டும்தான் கிண்ணத்தில் ஒன்றும் இல்லை.

அவள் முகம் வெளிறிவிட்டது. ஒவ்வொரு தடவையும் நான் கேட்டேன்தானே அக்கா என்றாள். கேட்டாய், நான் இல்லை என்றுதான் சொன்னேன் என்றேன்.

அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். டாக்டரம்மா பக்கத்து அறையில். நான் இப்போது வாயை மூடிக்கொண்டால், அவளும் பேனாவை மூடிக்கொண்டால், யாருக்கும் எதுவும் தெரியாது. கடைசியாக அளக்கிற நாளிலும் துளசியைப் போட்டுக்கொண்டு வந்தால் இன்னும் ஒரு வருடம் நிஜ மருந்து, சித்திரையில் நான் என் கவுன்டரில். எழுதினால் எனக்கு எல்லாம் போகும், சரியாகக் கேட்கவில்லை என்று அவளுக்குத் திட்டு விழும். அவளும் அதைத்தான் கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது. தாளைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், எழுதவில்லை.

மறைப்பது எனக்குப் புதிதில்லை. இழை விட்டுப்போன இடத்தை உள்பக்கமாக மடித்துப் புடவையைக் காட்டத் தெரியாதவள் பட்டு செக்‌ஷனில் நிற்கவே முடியாது. அப்படி நான் விற்ற ஒரு புடவையை, முகூர்த்தம் முடிந்த மறுநாள் ஒரு பெண் எடுத்துக்கொண்டு வந்தாள். சண்டை போடவில்லை. என் முன்னால் மடிப்பைப் பிரித்து அந்த இடத்தைக் காட்டிவிட்டு, பணம்கூடக் கேட்காமல் போய்விட்டாள். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் நான் அன்றைக்கு வாய் திறந்ததற்கு அது மட்டும் காரணம் என்று சொன்னால் பொய். நல்லவளாக இருக்க வேண்டும் என்கிற ஆசையைவிட, என் வாயில் ஊறியது மருந்தா துளசியா என்று தெரியாமல் இன்னொரு மாதம் இருக்க என்னால் முடியாது. அரிப்பு மாதிரி அது என்னைப் பிடுங்கிக்கொண்டிருந்தது.

“எழுதும்மா,” என்றேன். “எனக்கே தெரியணும்.”

அவள் எழுதினாள். எழுதும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தாளை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள்.

டாக்டரம்மா வந்தார். மயிலாப்பூரில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம் அவருடையது. கோபப்படுவார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், மிச்சமிருக்கிற பல்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார். எந்தக் கோயில், தீர்த்தத்தில் என்னென்ன போடுகிறார்கள் என்று கேட்டார். சொன்னேன். கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“நானும் தினம் கார்த்தால ஆத்துல பூஜை முடிச்சுத் தீர்த்தம் எடுத்துண்டுதான் கிளம்பறேன். எனக்கே தோணலை பாருங்கோ. இந்தக் கேள்வியெல்லாம் எங்கேயோ வெளிநாட்டுல உக்காந்துண்டு எழுதினது. சூயிங் கம் இருக்கு, துளசி இல்லை.”

சிரிப்பாரோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. ஐந்து மாதமாக ஏறிய எடை எதுவும் செல்லாது என்று சொன்னார். பங்குனியில் கடைசியாக ஒரு தடவை அளப்பார்கள், அது ஒன்றுதான் கணக்கு. அந்தப் பெண்ணைத் திட்டவில்லை. கேள்வித்தாளில் இன்னும் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். தீர்த்தம், துளசி, பிரசாதம், வெற்றிலை. அதன்பிறகு மற்றவர்களையும் அப்படிக் கேட்டதில் இன்னும் சிலர் மாட்டினார்கள் என்று அப்புறம் கேள்விப்பட்டேன். தினமும் ஒரு சிட்டிகை விபூதியை வாயில் போட்டுக்கொள்கிற ஒருவர், மடியில் கல்கண்டு வைத்திருந்த ஓர் அம்மா. யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் எதையும் சாப்பிட்டதாக நினைக்கவில்லை.

கடைசி ஊசிக்கும் கடைசி அளவுக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு மாதம் போல் ஒரு மாதத்தை நான் கழித்ததில்லை. வீட்டில் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சமைத்துக்கொண்டே இருப்பேன், அடுப்பை அணைத்துவிட்டுக் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்ப்பேன். துளசி ஊறியது அந்த அரை மணிக்குத்தான். தீபாவளிக்கு நாள் முழுக்கப் பேசினேனே, அதை எந்தத் துளசி பேசியது? அப்படியென்றால் மருந்து. ஆனால் அது மருந்து என்கிற நம்பிக்கையில் வந்த தெம்பாக இருந்தால்? அப்படியென்றால் தண்ணீர். பஸ்ஸில் இதை யோசித்தே இரண்டு தடவை பனகல் பார்க்கைத் தாண்டிப் போய் இறங்கினேன். ‘வுடு, இன்னா ஆவுதோ ஆவட்டும், நான் கீறேன்ல’ என்றார் வீட்டுக்காரர். நீ இருந்து என்ன, என் வாயா உனக்கு இருக்கு என்று கத்திவிட்டேன். பாவம், அவர் போய் எனக்கு டீ போட்டுக்கொண்டு வந்தார்.

பங்குனியில் அந்த நாள் வந்தது. கோயில் வாசலைத் தாண்டித்தான் பஸ் ஸ்டாப்புக்குப் போக வேண்டும். நான் உள்ளே போகவில்லை. இன்னிக்கு நீ வேணாம், நான் மட்டும் போய்ப் பாத்துட்டு வரேன் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு நடந்தேன். ஒருவனிடம் செய்த சத்தியத்தை மீறுகிற மாதிரி இருந்தது.

நோன்பு முடிந்து அந்தப் பெண்ணின் கைகளில் மருதாணி சிவந்திருந்தது. கேள்விகளைக் கேட்டாள், புது வரியையும் கேட்டாள். இல்லை என்றேன். பதினைந்து நிமிடம். ஒவ்வொரு நிமிடத்துக்கும் மணி அடிக்கும், நான் துப்புவேன். சில தடவை விழுந்தது, பல தடவை சத்தம் மட்டும்தான் வந்தது. புளியை நினைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது, எலுமிச்சை ஊறுகாயை நினைக்கலாம் என்று தோன்றியது. நினைக்கவில்லை. என் வாயில் என்ன இருக்கிறதோ அது மட்டும் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். கடைசி மணி அடித்ததும் அவள் கிண்ணத்தைத் தராசில் வைத்தாள். இந்தத் தடவை அவள் மறைக்கவில்லை. முதல் நாளைவிடக் கொஞ்சம் கூடுதல். அவர்கள் சொன்ன அளவைத் தாண்டவில்லை.

டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். ஊசி இத்தோடு நிற்கும், கண்ணுக்குச் சொட்டு மருந்தும் வாய்க்கு மாத்திரையும் தொடரும். எனக்குப் போட்டது மருந்தா தண்ணீரா என்று கேட்டேன். எல்லா ஊரிலும் எல்லாருக்கும் முடிந்தபிறகுதான் அந்தக் கணக்கைத் திறப்பார்கள், இரண்டு வருடம்கூட ஆகலாம் என்றார். அடுத்த ஆளுக்கு இந்த மருந்து சரியாகப் போய்ச் சேர நான் சொன்னது உதவும் என்றும் சொன்னார். நல்ல வார்த்தைதான். எனக்கு அன்றைக்கு அது ஒட்டவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வரும்போது, அந்தப் புண்ணியத்தை வைத்து நான் பேக்கிங் அறையில் டேப் கிழிக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஆதம்பாக்கத்திலிருந்து ஓர் அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். சித்திரையில் கல்யாணம். பதினாலு புடவை விரித்தாயிற்று, பதினைந்தாவதின் பார்டரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. அதே மாதிரி, பாதிப் பேச்சில். வழக்கம்போலப் பெட்டிக்குப் பின்னால் குனிந்தேன். கையில் பாட்டில் வந்தது. குனிந்த நிலையில் இருந்தபோது எனக்குத் திடீரென்று பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை வருடம் இப்படித் திருடி மாதிரி குனிவது? எழுந்து, பாட்டிலைப் பட்டுக்குப் பக்கத்தில், கவுன்டரின் மேலேயே வைத்தேன். மூடியைத் திறந்து அவர்கள் முன்னாலேயே குடித்தேன்.

சூப்பர்வைசர் வேகமாக வந்தார். அக்கா, பட்டு மேல சிந்தினா என்னாவறது என்றார் மெதுவாக, வாடிக்கையாளருக்குக் கேட்கக் கூடாது என்று. நான் மெதுவாகப் பேசவில்லை.

“சிந்தினா நான் பொறுப்பு தம்பி. எனக்கு வாய் காயற வியாதி. சரியாவாது. தண்ணி இருந்தா பேசுவேன், பேசினா விக்கும். பேக்கிங்குக்கு நான் போவல.”

ஆறு மாதமாக ஓர் ஊசியிடம் கேட்டுக்கொண்டிருந்ததை அன்றைக்குத்தான் ஒரு மனுஷனிடம் கேட்டேன். அந்த ஆதம்பாக்கத்து அம்மா, அவங்க குடிக்கட்டும்ப்பா, எங்களுக்கொண்ணும் அவசரமில்ல என்றார். சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். மேலே கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன் என்று போனார்.

நான் பதினைந்தாவது புடவையின் பார்டருக்குத் திரும்பி வந்தேன். அவர்கள் அதை எடுக்கவில்லை, முதலில் பார்த்த மாம்பழ மஞ்சளைத்தான் எடுத்தார்கள். இப்போது சித்திரையும் பாதி போய்விட்டது. மேலே கேட்டாரா, என்ன சொன்னார்கள் என்று சூப்பர்வைசர் இன்னும் வந்து சொல்லவில்லை. லிஃப்ட் திறக்கிற சத்தம் கேட்கிறபோதெல்லாம் அவர்தானோ என்று திரும்பிப் பார்க்கிறேன். பாட்டில் கவுன்டர் மேலேதான் இருக்கிறது.